உப்புப் பொட்டலத்தின் மேல் எழுதிய தேதி: இரத்த அழுத்தத்தோடு வாழும் வீடுகளின் அனுபவப் பகிர்வு

திருவரங்கம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அன்றாடப் பழக்கங்களில் எதை மாற்றியபோது உங்கள் உடல்நிலையில் உண்மையான வேறுபாடு தெரிந்தது என்பதை இந்த இழையில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் பார்க்க வந்தது சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் என் தாயாரைத்தான். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் அளந்து முடித்தபின், "நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்றார். எனக்கு எந்த உபாதையும் இருந்ததில்லை. தலைவலி என்று படுத்ததுகூடக் கிடையாது. கருவி 168/102 என்று காட்டியது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடி அளந்தார், 164/100. மருத்துவரை உடனே பார்க்கும்படி சொல்லி, சீட்டில் எண்களை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் சென்றார். அந்தச் சீட்டை இன்றும் வைத்திருக்கிறேன்.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் உப்பு அதிகம் சேர்ப்பதில்லை என்று நான் பதில் சொன்னேன். அப்போது அதை முழுமையாக நம்பித்தான் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "ஒரு கிலோ உப்பு உங்கள் வீட்டில் எத்தனை நாளைக்கு வருகிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் தெரியவில்லை, உடன் வந்திருந்த என் மனைவிக்கும் தெரியவில்லை. அரிசி எத்தனை நாள் வரும், எண்ணெய் எத்தனை நாள் வரும் என்று விரல்நுனியில் வைத்திருப்பவர் அவர். உப்பு மலிவான பொருள் என்பதால் அதற்கு மட்டும் யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

அன்று மாலை புதிய பொட்டலத்தைப் பிரித்து, அதன் மேல் பேனாவால் தேதியை எழுதினோம். முப்பதாம் நாள் அது தீர்ந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 11 கிராம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. வடித்த கஞ்சியோடும், காய் வேகவைத்துக் கொட்டிய நீரோடும் கொஞ்சம் போயிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கடையில் வாங்கிய ஊறுகாயும் அப்பளமும் மாலை நேரத்து மிக்சரும் இந்தப் பொட்டலக் கணக்குக்குள் வரவே இல்லை. அப்பளத்தில் உப்பு மட்டுமல்லாமல் அப்பளக்காரமும் சேர்கிறது; அதுவும் சோடியம்தான். சோடியம் உடலில் நீரைத் தக்கவைக்கிறது, இரத்தக் குழாய்களில் ஓடும் நீர்மத்தின் அளவு கூடினால் அழுத்தமும் கூடுகிறது என்பதை மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார்.

எங்கள் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. ஒரே நாளில் எல்லாவற்றிலும் உப்பைப் பாதியாக்கினோம். அம்மா இரண்டு கவளத்தோடு தட்டை நகர்த்திவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லி எழுந்துவிட்டார். பிறகு எனக்கு மட்டும் தனியாகச் சமைத்துப் பார்த்தோம். இரண்டு குழம்பு, இரண்டு கூட்டு என்று அடுப்படியிலேயே நின்ற என் மனைவி ஒரு வாரத்தில் களைத்துப் போனார். ஒருவருக்காக ஒரு வீட்டில் இரண்டு சமையல் நீடிக்காது என்று அப்போது புரிந்தது. மாறுவதென்றால் மூவருமாகத்தான் மாற வேண்டும்.

அதன்பின் நாக்குக்குத் தெரியாத இடத்திலிருந்து தொடங்கினோம். முதலில் சாதம் வைக்கும்போது போட்டுவந்த உப்பை நிறுத்தினோம். குழம்பும் ரசமும் சேர்ந்த பிறகு யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சாம்பாருக்கு அளக்கும் கரண்டியைச் சிறியதாக மாற்றினோம். அப்பளம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது. தயிர் சாதத்துக்கு நார்த்தங்காய் ஊறுகாய் இருந்த இடத்தில், இஞ்சியும் பச்சைமிளகாயும் பொடியாக நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தது வந்தது. ரசத்தில் மிளகும் சீரகமும் ஒரு பங்கு கூடின. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. ஒரு திருமண வீட்டில் சாப்பிட்டபோது, "எல்லாம் கரிக்கிறதே" என்று அம்மாவே சொன்னார்.

இப்போது ஒரு பொட்டலம் 55 நாள் வருகிறது. ஆளுக்கு 6 கிராம். என் அழுத்தம் 128/80 அளவில் நிற்கிறது. தினமும் ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், காலையில் உத்திர வீதியைச் சுற்றி நடக்கிறேன் என்பதால், இதை உப்பு ஒன்றின் பலன் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் அனுபவங்களை அறிய விரும்புகிறேன்.

கோயம்புத்தூர், பள்ளி ஆசிரியை

ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு நானும் சமையலறைக்குச் சென்று பொட்டலத்தில் தேதி எழுதிவிட்டு வந்தேன். என் அனுபவம் நடையைப் பற்றியது.

நாற்பத்தாறு வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகத் தெரிந்தவுடன், மறுநாளே பந்தயச் சாலையில் நடக்கத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு 10,000 அடிகள் என்பதைச் சட்டம்போல எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் குதிகால் வலி தொடங்கியது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது ஊசி குத்துவதுபோல் இருக்கும். இரண்டு மாதம் நடையே நின்றுபோனது. பிறகுதான் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளைத் தொடர்ந்து, 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே "பத்தாயிரம் அடி மானி" என்னும் பொருளுடையதாம். ஒரு விற்பனைப் பெயரிலிருந்து பரவிய எண்ணுக்காக, நடந்து பழகாத என் கால்களை நான் வருத்தியிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் அடிகளைக் கணக்கிடவில்லை. மிதமான வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட உடலுழைப்பு என்றுதான் சொல்கிறது.

இப்போது காலையில் 20 நிமிடமும், இரவு உணவுக்குப் பின் 15 நிமிடமும் நடக்கிறேன். எனக்கு அதிகம் உதவியது அந்த இரவு நடைதான் என்று உறுதியாகச் சொல்வேன். சாப்பிட்டவுடன் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, வேலை செய்யும் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. வீட்டில் அளந்து பார்த்ததில், உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்து வரும் அளவு, நடந்த நாள்களில் தெளிவாகக் குறைந்தே இருந்தது. இதற்குத் தனி உடையோ காலணியோ பூங்காவோ வேண்டியதில்லை. எங்கள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மகளோடு நான்கு முறை போய்வந்தால் நேரம் சரியாகிவிடும். பகலெல்லாம் சொல்லாத பள்ளிக் கதைகளை அவள் அந்த நேரத்தில்தான் சொல்கிறாள்.

தூத்துக்குடி, சிறுதொழில் செய்பவர்

உப்பைக் குறைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையை மட்டும் சொல்லவே எழுதுகிறேன். சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பதை நல்லெண்ணத்தில் என் தந்தையாருக்கு வாங்கிக் கொடுத்தேன். அவருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. அந்த வகை உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள் என்பதும், பழுதடைந்த சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது என்பதும் எனக்குத் தெரியவில்லை. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் அபாய அளவுக்கு ஏறியிருந்தது. நான்கு நாள்கள் மருத்துவமனையில் இருந்து மீண்டார். பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் என்று மருத்துவர் சொன்னபோது என் கை நடுங்கியது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும், அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்புக்கு மாறக்கூடாது. தயவுசெய்து பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள்.

கருவாட்டைப் பற்றி யாரேனும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசினால் உப்பு ஓரளவு குறையும், முழுமையாகப் போகாது. எங்கள் வீட்டில் இப்போது மாதத்துக்கு ஒரு முறைதான்.

தருமபுரி, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்

திருவரங்கத்து ஐயா எழுதிய அந்தத் தன்னார்வலர் செய்யும் அதே பணியைத்தான் நானும் செய்கிறேன். எங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று இத்திட்டம் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்த நான் பயிற்சி பெற்று இதில் சேர்ந்தேன். திண்ணையில் உட்கார்ந்து அளப்பவளுக்கு மட்டும் தெரியக்கூடிய சில செய்திகள் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, அளப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடம். வயலிலிருந்து விறுவிறுவென்று வந்து, தேநீரைக் குடித்துக்கொண்டே கையை நீட்டுபவர்கள் பலர். முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் படும்படி உட்கார்ந்து, கையை நெஞ்சுயரத்தில் தாங்கி வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தால் முதலில் போய்விட்டு வர வேண்டும். தேநீரோ காபியோ புகையோ முந்தைய அரை மணி நேரத்தில் கூடாது. இவை இல்லாமல் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு இரவெல்லாம் கவலைப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, என்னை அதிகம் வருத்துவது. அளவு சரியாகிவிட்டது என்றவுடன் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மாந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு ஆறு மாதத்தில் 130/84க்கு வந்திருந்தது. அடுத்த முறை போனபோது 190/110. "நோய் போய்விட்டதே அம்மா, பிறகு எதற்கு மாத்திரை?" என்றார். மாத்திரை எடுத்ததால்தான் அளவு குறைந்தது, அதை நிறுத்தினால் அழுத்தம் திரும்பவும் ஏறும் என்பதை அவருக்கு விளங்கவைக்க எனக்கு மூன்று வருகைகள் ஆயின. கிணற்று மோட்டாரை நிறுத்தினால் வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிடும் அல்லவா என்று நான் கேட்ட அன்றுதான் தலையசைத்தார். மறந்துபோகிறது என்றும் சொன்னார். அதனால் மாத்திரை அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, அவர் விடியற்காலையில் பல் துலக்கக் கைநீட்டும் மாடத்தில், பற்பொடிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அவருடைய மனைவிக்கும் அதே நேரத்தில் ஒரு மாத்திரை உண்டு என்பதால் ஒருவரை ஒருவர் நினைவுபடுத்திக்கொள்கிறார்கள். அன்றிலிருந்து அட்டையில் ஒரு நாளும் விடுபடவில்லை.

எங்கள் பகுதியில் காலையில் பழைய சோற்றுக்கும் கூழுக்கும் ஊறுகாய் கட்டாயம். அதை விடச் சொன்னால் கேட்கமாட்டார்கள். ஆனால் சின்ன வெங்காயத்தையும் சுட்ட மிளகாயையும் எடுத்துக்கொடுத்தால் மறுப்பதில்லை. அவர்களுடைய பாட்டன் காலத்தில் அதுதான் கடிபொருளாக இருந்தது.

திருவரங்கம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

தருமபுரிச் சகோதரியின் பதிவை என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுக்கு வரும் அந்தப் பெண்ணுக்கு அடுத்த முறை மோர் கொடுக்க வேண்டும், உப்புப் போடாமல் கொடுக்க வேண்டும் என்றார். தூத்துக்குடி நண்பருக்கு என் தனிப்பட்ட நன்றி. சோடியம் குறைந்த உப்பை வாங்கலாமா என்று நாங்களும் யோசித்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் காட்டி மருத்துவரைக் கேட்கும்வரை அதைத் தள்ளிவைத்திருக்கிறோம்.

இட்லி மாவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஓர் உறுப்பினர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். உப்பில்லாமலும் மாவு புளிக்கும். அரைக்கும்போது சேர்க்காமல், புளித்த பின் அன்றன்றைக்கு வார்க்கும் மாவுக்கு மட்டும் அளந்து சேர்க்கிறோம். எங்கள் மூவருக்கான மாவுக்கு முன்பு கைப்பிடியாக அள்ளிப் போட்டது, இப்போது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்குகிறது.