பனிக்காலத்தில் அப்பாவும் பிள்ளையும்: வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டவர்களின் அனுபவங்கள்

ஸ்டாக்ஹோமிலிருந்து

குளிர்நாட்டில் கைக்குழந்தையோடு பகல் முழுக்கத் தனியாக இருக்கப் போகிற அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். போன நவம்பரில் மனைவி வேலைக்குத் திரும்பினாள். பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம். பிரசவத்துக்கு வந்திருந்த மாமியார் வீசா முடிந்து கோடையிலேயே ஊருக்குப் போய்விட்டார். அதனால் வீட்டில் பாப்பாவும் நானும்தான். "ஆம்பளை தனியா எப்படிப் பார்த்துப்பான், அதுவும் இந்தக் குளிர்ல?" என்று ஊரில் எல்லாருக்கும் கவலை.

இங்கே சுவீடனில் இது யாருக்கும் புதிதில்லை. ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் விடுப்புப் பணம் உண்டு. அதில் 390 நாளுக்கு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, சம்பளத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு வரும். மீதி 90 நாளுக்குச் சிறு தொகை. ஆளுக்கு 90 நாள் அவரவருக்கே உரியது, கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ விட்டுக்கொடுக்க முடியாது. 1974இல் தாய்க்கு மட்டும் இருந்த விடுப்பைப் பெற்றோர் இருவருக்குமாக மாற்றிய முதல் நாடு சுவீடன். ஆனால் அந்த ஆண்டில் அப்பாக்கள் எடுத்தது நூற்றுக்கு ஒரு நாள்கூட இல்லை. 1995இல் ஒரு மாதம், 2002இல் இரண்டு, 2016இல் மூன்று என்று ஒதுக்கி வைத்த பிறகுதான் நிலைமை மாறியது. இப்போது நூற்றுக்கு முப்பது நாள் அளவுக்கு அப்பாக்கள் எடுக்கிறார்கள். சட்டம் கையைப் பிடித்து இழுத்தால்தான் நாம் வருகிறோம் போலிருக்கிறது. எப்படியோ, இழுத்தது நல்லதுதான்.

சரி, குளிருக்கு வருகிறேன். இங்கே டிசம்பரில் சூரியன் காலை எட்டே முக்காலை ஒட்டி எழும். மூன்று மணிக்கு முன்பே போய்விடும். மேகம் மூடிய நாளில் அந்த ஆறு மணி நேரமும் விடிகாலை மாதிரியேதான் இருக்கும். முதல் வாரத்தில் நாளை வீட்டுவேலைப்படி பிரித்துக்கொண்டேன்: பால், கஞ்சி, துணி, தூக்கம். அது சரிப்படவில்லை. வெளிச்சப்படி பிரித்ததும் எல்லாம் சரியாயிற்று. இருட்டோடு எழுந்து உள்வேலை முழுவதையும் முடித்துவிடுவது. பத்து மணிக்குக் கதவைத் திறந்து வெளியே போய்விடுவது, பனி கொட்டினாலும் சரி. ஒருநாள் வெளியே போகாமல் இருந்தால் மாலை நான்கு மணிக்குப் பாப்பாவும் சிணுங்குவாள், எனக்கும் மனசு சுருங்கிவிடும்.

வெளியே போவதில் பாதி வேலை உடுத்துவதுதான். இதை எனக்குக் கற்றுத் தந்தவர், பெற்றோரும் கைக்குழந்தைகளும் சேர்ந்து வந்து போகும் எங்கள் பகுதியின் திறந்த பாலர் பள்ளியில் சந்தித்த எரித்திரியா நாட்டு அப்பா ஒருவர். அவருக்கு அது மூன்றாவது பிள்ளை. அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி உள்ளுடுப்பு. பருத்தி வேண்டாம், வியர்வையோ எச்சிலோ பட்டால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைத்துவிடும். கம்பளி நனைந்தாலும் சூடு தரும். அதன்மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழை உடுப்பு. அதற்கும் மேல் தலையிலிருந்து கால்வரை ஒரே உடுப்பாக வரும் ஓவரால். அந்த ஓவராலைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தையை நுழைக்கப் பார்க்கக் கூடாது. ஜிப்பைத் திறந்து தரையில் விரித்து, பிள்ளையை அதன்மேல் படுக்க வைத்து, முதலில் இரண்டு கால், அப்புறம் ஒரு கை, அப்புறம் லேசாகப் புரட்டி மறு கை. கழுத்தையும் காதையும் மூடும் குல்லா கடைசியில். அதற்கு முன்பே நீங்கள் உங்கள் சட்டை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடான வீட்டுக்குள் குழந்தைக்கு வியர்த்துவிடும், வெளியே போனதும் அந்த வியர்வையே குளிரும்.

குழந்தைக்குக் குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்ப்பது நம் வழக்கம். குழந்தைகள் நலமையத்துச் செவிலியர் அதை மாற்றச் சொன்னார். இரண்டு விரலைப் பாப்பாவின் பிடரிக்குக் கீழே, காலருக்குள் நுழைத்துக் காட்டினார். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கை சில்லென்று இருந்தாலும் பயமில்லை. பிடரி நசநசவென்று இருந்தால் உடுப்பு அதிகம், ஒன்றைக் கழற்றிவிடு. அன்றிலிருந்து என் விரல் தானாகவே அங்கேதான் போகிறது. வைட்டமின் டி சொட்டு மருந்தும் அவர்தான் கொடுத்தார். பிறந்த ஒரு வாரத்திலிருந்து இரண்டு வயதுவரை தினம் ஐந்து சொட்டு. வெயிலே இல்லாத ஊரில் இதை மறக்கக் கூடாது.

அப்புறம் வெளியே தூங்க வைப்பது. வடநாடுகளில் பகல் தூக்கத்துக்குக் குழந்தையைத் தள்ளுவண்டியோடு வெளியே விடுவது பழைய வழக்கம். நம் வீடுகளில் சொன்னால் சண்டைக்கே வருவார்கள். எனக்கும் முதலில் மனசு ஒப்பவில்லை. வண்டிக்குள் ஆட்டுத்தோல் விரிப்பு, அதன்மேல் தடித்த பை, அதற்குள் பாப்பா. முகம் மட்டும் தெரியும். குடியிருப்பின் முற்றத்தில், சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினேன். வண்டிக்குள் குரல் கேட்கும் கருவி ஒன்று. வீட்டுக்குள் அரைமணியில் விழித்துக்கொள்கிற பிள்ளை அங்கே இரண்டு மணி நேரம் தூங்கினாள். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் நான் விடுவதில்லை. சளி, காய்ச்சல் இருந்தாலும் விடுவதில்லை. ஒருநாள் நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்த கீழ்வீட்டுப் பாட்டி, வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, தூங்குகிறாள் என்று இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக் காட்டினார். அதற்குமுன் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுவாரம் தன் பிள்ளைகள் இழுத்த மரச்சறுக்கு வண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சாப்பாட்டில் எனக்குத் துணை கேழ்வரகு. இங்கே உணவுத்துறை ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு அரிசிப் பொரி ரொட்டியும் அரிசிப் பானமும் வேண்டாம் என்கிறது. அரிசியில் இருக்கும் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள்தான் காரணம். தானியங்களை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, ஹீட்டருக்கு மேலே உள்ள ஜன்னல் திண்டில் வைத்தால் நன்றாக முளை கட்டுகிறது. அதை உலர்த்தி, வறுத்து, அரைத்துச் சலித்துக் கஞ்சி. இட்லி மாவை ஓவனுக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் போட்டு விடுவேன். இந்த இரண்டும் இருந்தால் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம்.

வாரத்தில் சில நாள் திறந்த பாலர் பள்ளி. காசு கிடையாது, பெயர் பதிய வேண்டியதில்லை, பெற்றோரும் கூடவே இருக்க வேண்டும். தரையில் வட்டமாக உட்கார்ந்து பாட்டு, அப்புறம் காப்பி. பாதிப் பேர் அப்பாக்கள். பஸ்ஸில் போவோம். இங்கே தள்ளுவண்டியோடு வருகிறவருக்கு டிக்கெட் இல்லை, நடுக்கதவு வழியாக ஏறிக்கொள்ளலாம். இங்கே ஒளித் திருநாளாகக் கொண்டாடும் லூசியா நாளான டிசம்பர் 13 அன்று குங்குமப்பூ பன் கொடுத்தார்கள். பாப்பா அதைச் சப்பிச் சப்பியே தீர்த்தாள்.

ஜனவரியில் ஓர் இரவு பல் முளைக்கும் வலியில் விழித்து அழுதாள். மனைவி தூக்கினாள். அவள் தோளிலிருந்து என் பக்கம் கையை நீட்டினாள் பாப்பா. மனைவி சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள். பகலெல்லாம் கூட இருந்ததற்குப் பிள்ளை கொடுத்த இடம் அது. மாலையில் ஒரு மணி நேரம் கொஞ்சிவிட்டுப் போகிற அப்பாவுக்கு அது கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. முடிந்தவர்கள் இந்த விடுப்பை எடுங்கள். குளிர்காலம்தான் கிடைக்கிறதென்றால் குளிர்காலத்திலேயே எடுங்கள்.

குன்னூரிலிருந்து

ஸ்டாக்ஹோம்காரர் எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் நீலகிரியிலும் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை உறைபனிதான். ஊட்டி தலைகுந்தாவில் புல் வெள்ளையாகக் கிடக்கும். குன்னூர் கொஞ்சம் தாழ்வு, ஆனாலும் வீட்டுக்குள் ஹீட்டர் வசதி என்று ஒன்று கிடையாது. ஓட்டு வீடு, சிமென்ட் தரை. மத்திய அரசு வேலை என்பதால் எனக்கு 15 நாள் விடுப்பு கிடைத்தது, அதோடு என் சொந்த விடுப்பையும் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் பையன் ஜனவரியில் குறைமாதத்தில் பிறந்தான். எடை 2 கிலோ 100 கிராம். சிசேரியன் ஆனதால் மனைவியால் அதிக நேரம் உட்கார முடியவில்லை. "அப்பா நெஞ்சுல போடுங்க, அதுவே இன்குபேட்டர்" என்றார் மருத்துவமனைச் செவிலியர் அக்கா. கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் இருந்தபோது தொடங்கியதாம். வீட்டுக்கு வந்தும் அதைத்தான் செய்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு, பையனுக்கு டயப்பர், குல்லா, சாக்ஸ் மட்டும் போட்டு, நெஞ்சுக்கு நடுவில் நிமிர்த்தி வைப்பேன். கால் இரண்டும் தவளைபோல் மடங்கி இருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, மூச்சுக்கு வழி இருக்க வேண்டும். பழைய வேட்டியால் இறுக்காமல் கட்டி, மேலே சால்வை. நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பச்சைக் குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது, பழுப்புக் கொழுப்பு என்ற ஒன்றை எரித்துத்தான் சூடு பிடிக்கும். குறைமாதப் பிள்ளைக்கு அதுவும் குறைவு. அதனால்தான் நம் உடம்புச் சூடு அவ்வளவு முக்கியம். நெஞ்சில் போட்ட சிறிது நேரத்தில் அவன் உள்ளங்கால் வெதுவெதுப்பாகிவிடும், மூச்சும் சீராகும். அதைக் கையால் உணர்ந்தவனுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மலைவாசிகள் எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். குழந்தை இருக்கிற அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். என் அம்மாவுக்கு இதில் வருத்தம்தான். "உன்னையெல்லாம் அப்படித்தானே வளர்த்தேன்" என்றார். கோவைக்குப் பக்கத்துச் சூலூரிலிருந்து வந்தவர் அவர், அந்த வெயிலுக்குப் புகை தேவைப்படவில்லை, வெறும் வழக்கம்தான் என்று பேசிப் புரிய வைத்தேன். துணி காயாததுதான் மீதிப் பிரச்சினை. மேகம் இறங்கினால் இரண்டு மூன்று நாளுக்குக் காயாது. இஸ்திரிப் பெட்டிதான் வழி.

ஸ்காபரோவிலிருந்து

இரண்டு பேரும் வடிவாக எழுதியிருக்கிறீர்கள். ரொறன்ரோவில் நாங்கள் காரை நம்பித்தான் இருக்கிறோம், அதனால் ஒரு விசயம். தடித்த ஸ்னோ உடுப்போடு பிள்ளையைக் கார் இருக்கையில் இருத்திப் பட்டியைப் பூட்டக் கூடாது. அடிபடும்போது அந்த உடுப்பு அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பூட்டிவிட்டு, மேலால் போர்வையைப் போடுங்கோ. காரை முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் பிள்ளைக்குச் சுகம். ஆனால் கராச்சுக்குள் வைத்து எஞ்சினை ஓட விடாதேங்கோ, குன்னூர்த் தம்பி சொன்ன அதே வாயுதான்.

இங்கே கனடாவிலும் 2019 மார்ச்சிலிருந்து பெற்றோர் இருவரும் விடுப்பைப் பகிர்ந்து எடுத்தால் கூடுதலாக ஐந்து கிழமை, அதாவது ஐந்து வாரம், உண்டு. ஒருவர் மட்டும் எடுத்தால் அது கிடையாது. எத்தனையோ தகப்பன்மார் அதை எடுக்காமல் விடுகிறார்கள். வேலையிடத்தில் என்ன நினைப்பார்கள் என்ற யோசனைதான். நான் எடுத்தேன். மகன் பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுத்ததுகூட அவனைத் தோளில் போட்டபடிதான். மெரினோ உடுப்பு விலை அல்லவா, ஸ்டாக்ஹோம் அண்ணை? வளர்கிற பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் எப்படி வாங்குகிறீர்கள்?

மீண்டும் ஸ்டாக்ஹோமிலிருந்து

புதிதாக நான் வாங்கியது ஒரே ஒரு சோடிதான். மற்றதெல்லாம் பழைய துணிக் கடையில் கிடைத்தவை. பிள்ளைகள் உடுப்பு தேய்வதற்குள் சின்னதாகிவிடுகிறது, அதனால் பார்த்து எடுத்தால் நல்லதாகவே கிடைக்கும். ஓவராலும் அப்படித்தான், முழங்கால் பக்கம் கிழிசல் இருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு அளவு பெரிதாக வாங்கினால் கை கால் ஓரத்தை மடித்து விடலாம். கம்பளியை ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டாம், இரவில் காற்றாடப் போட்டாலே வாடை போய்விடும். துவைத்தால் கம்பளிக்கான முறையில் 30 டிகிரி, உலர்த்தியில் போடவே கூடாது, சுருங்கிவிடும். பாப்பாவுக்குச் சின்னதாகிப்போனவை ஒரு பை நிறைய இருக்கின்றன. ஸ்டாக்ஹோமில் யாருக்காவது இந்தக் குளிர்காலத்தில் பிள்ளை பிறக்கப் போகிறதென்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து கொடுக்கிறேன்.