சீனாவை ஆள்வது ஏழு பேரா, ஒருவரா?

பனங்காடு:

2022 அக்டோபர் 23-ஆம் தேதிக் காணொளியை நேற்று மறுபடியும் பார்த்தேன். பெய்ஜிங் மக்கள் மாமண்டபத்தில் கதவு திறக்கிறது. ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்கிறார்கள்: ஷி ஜின்பிங், லி கியாங், ஜாவோ லெஜி, வாங் ஹூனிங், சாய் சி, டிங் ஷூஷியாங், லி ஷி. நடந்து வரும் வரிசைதான் அதிகார வரிசை. தங்களை ஆளப்போகும் ஏழு பேர் யார் என்று அந்த நிமிடம் வரை 140 கோடி மக்களுக்கு யாரும் அறிவித்திருக்கவில்லை.

இதுதான் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொலிட்பீரோ நிலைக்குழு. ஒன்பதரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்சி உறுப்பினர்கள், 2022-ல் அமைந்தபடி 205 பேர் கொண்ட மத்தியக் குழு, 24 பேர் பொலிட்பீரோ, அதன் உச்சியில் இந்த 7 பேர். கட்சி விதியைப் படித்தால், பொதுச்செயலாளரின் வேலை பொலிட்பீரோ கூட்டத்தையும் நிலைக்குழுக் கூட்டத்தையும் கூட்டுவது, கட்சிச் செயலகத்தின் வேலையை நடத்துவது என்றுதான் இருக்கிறது. மற்றவர்களுக்கு உத்தரவு போடுகிறவர் என்று எங்கும் எழுதவில்லை.

ஏட்டில் இருப்பது கூட்டுத் தலைமை. நடப்பில் அது செத்துவிட்டது என்பது என் வாதம். மறுப்பவர்கள் வாருங்கள்.

நெய்தல்நிலவன்:

நான் மறுக்கிறேன். ஒருவர் முன்னால் நடக்கிறார் என்பதற்காகப் பின்னால் வரும் ஆறு பேரும் தலையாட்டிகள் ஆகிவிட மாட்டார்கள்.

டைல்ஸ் இயந்திர உதிரிபாகம் வாங்க 2009 முதல் ஃபோஷான் போய்வருகிறேன். முதல் தடவை குவாங்சோவிலிருந்து பேருந்து. மூட்டை முடிச்சுகளோடு ஒரு அரை நாள் அதிலேயே போயிற்று. 2011-ல் போனபோது இரண்டு ஊருக்கும் நடுவே மெட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. கையில் சாம்பிள் டைலோடு நின்றுகொண்டே போய் இறங்கினேன். ஊருக்குள் மட்டும் இல்லை, நாடு முழுக்க இதே கதைதான். 2008-ல் பெய்ஜிங்–தியான்ஜின் அதிவேக ரயில் தொடங்கியது. 2022 கடைசியில் அந்த வலைப்பின்னல் சுமார் 42,000 கிலோமீட்டர். இதற்கிடையில் நிலைக்குழு மூன்று முறை மாறிவிட்டது. ரயில் பாதை ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அந்த அறைக்குள் போவது எளிதா? ஷி 1982-ல் ஹெபெய் மாகாணத்தில் ஜெங்டிங் என்ற மாவட்டத்தில் நிர்வாக வேலையைத் தொடங்கியவர். பிறகு ஃபூஜியனில் 17 வருடம், பிறகு செஜியாங், ஷாங்காய். லி ஷி இருந்து வந்த குவாங்டாங்கில் மட்டும் 12 கோடிக்கும் மேல் மக்கள். அத்தனை பேரை நிர்வகித்துத் தேறியவர்கள்தான் அங்கே உட்காருகிறார்கள்.

ஏட்டுச்சுவடி:

இருவருக்கும் வணக்கம். முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். 2022-லிருந்து பேசினால் இந்தக் குழு புரியாது.

இன்றைய வடிவில் இது 1956-ல் ஆறு பேரோடு தொடங்கியது: மாவோ, லியூ ஷாவோச்சி, சோ என்லாய், ஜூ தே, சென் யுன், டெங் சியாவ்பிங். பத்தே வருடத்தில், 1966 ஆகஸ்டில், இரண்டாம் இடத்தில் இருந்த லியூவை எட்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். அவர் நாட்டின் அதிபர். 1969 நவம்பரில் கைஃபெங்கில் காவலில் இறந்தார். வேறொரு பெயரில் எரித்தார்கள். குடும்பத்துக்குப் பல வருடம் சொல்லவே இல்லை.

அடுத்தது 1976 அக்டோபர் 6. மாவோ இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நிலைக்குழுவில் மிச்சம் இருந்தவர்கள் நால்வர்: ஹுவா குவோஃபெங், யே ஜியான்யிங், வாங் ஹோங்வென், ஜாங் சுன்சியாவ். நிலைக்குழுக் கூட்டம் என்று சொல்லி வாங்கையும் ஜாங்கையும் வரவழைத்தார்கள். மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்ததும் கைது. நால்வரில் இருவர் மற்ற இருவரைப் பிடித்து அடைத்தார்கள், அதுவும் அந்தக் குழுவின் கூட்டத்தையே வலையாக விரித்து.

இதையெல்லாம் பட்டுத்தான், மாவோவுக்குப் பின் நாட்டை வழிநடத்திய டெங் 1980 ஆகஸ்டில் கட்சி, அரசுத் தலைமை முறைச் சீர்திருத்தம் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதிகாரம் ஒரே ஆளிடம் குவிவதுதான் கேட்டுக்கு வேர் என்று சொன்னார். பதவிக்கு வயது வரம்பு, முறையான ஓய்வு, கூட்டுத் தலைமை எல்லாம் அந்தக் காயத்திலிருந்து வந்தவை. அதனால் இந்தக் குழுவை வெறும் ஒப்பனை என்று தள்ளிவிடாதீர்கள். உயிர்களைக் கொடுத்து வாங்கிய பாடம் அது.

பனங்காடு:

ஐயா சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அந்தப் பாடத்தைச் சொன்ன டெங்கே அதை எப்படி நடத்தினார் என்றும் பார்க்க வேண்டும்.

1989 மே மாதம். நிலைக்குழுவில் ஐந்து பேர். பொதுச்செயலாளர் ஜாவோ ஸியாங், பிரதமர் லி பெங், சியாவ் ஷி, ஹூ சிலி, யாவ் யிலின். தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் உண்ணாவிரதம். மே 17-ஆம் தேதி கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? டெங்கின் வீட்டில். டெங் அப்போது நிலைக்குழு உறுப்பினரே இல்லை, இராணுவ ஆணையத் தலைவர் மட்டும். ஆனால் முக்கியமான விஷயங்களில் அவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்று 1987-லேயே வெளியே சொல்லாமல் ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். அதை மே 16 அன்று சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் ஜாவோவே வாய்விட்டுச் சொன்னார்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை ஜாவோ பின்னாளில் வீட்டுக்காவலில் இருந்தபடி ரகசியமாக ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். இராணுவச் சட்டம் வேண்டும் என்றவர்கள் லி பெங், யாவ் யிலின். வேண்டாம் என்றவர்கள் ஜாவோ, ஹூ சிலி. சியாவ் ஷி எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆக, ஆதரவு இரண்டு, எதிர்ப்பு இரண்டு. முறைப்படி ஓட்டெடுப்பே நடக்கவில்லை என்கிறார் ஜாவோ. முடிவைச் சொன்னது டெங்.

மே 19 விடிவதற்கு முன் ஜாவோ சதுக்கத்துக்குப் போனார். கையில் ஒலிபெருக்கி, எதிரே பேருந்துகளில் சோர்ந்து கிடந்த பிள்ளைகள். தாமதமாக வந்துவிட்டோம் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அதன் பிறகு வெளியுலகம் அவரைப் பொதுவெளியில் பார்க்கவே இல்லை. 2005 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய 16 வருடம் காவல்.

உச்ச அதிகாரக் குழுவின் தலைவர் அவர். ஒரே ஒரு முறை 'கூடாது' என்றதற்கு இது விலை.

நெய்தல்நிலவன்:

1989-ல் மாணவர்களைச் சுட்டதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்தப் பிள்ளைகளில் என் வயதுக்காரர்கள் உண்டு.

ஆனால் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்த காலத்தையும் பார்த்தோமே? 2002 முதல் 2012 வரை ஒன்பது பேர். ஆளுக்கொரு துறை, ஆளுக்கொரு கோட்டை. ஒன்பது டிராகன்கள் தண்ணீரை ஆள்கின்றன என்று சீனர்களே சொன்னார்கள். மேலிட உத்தரவு தலைமைச் செயலகமான ஜோங்நான்ஹாய் மதிலைத் தாண்டாது என்றும் சொல்வார்கள். போலீஸும் நீதித்துறையும் ஜோ யோங்காங் கையில் இருந்தன. கேட்பார் இல்லை. கடைசியில் 2015-ல் ஊழலுக்காக ஆயுள் தண்டனை. நிலைக்குழுவில் இருந்தவர் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றது அதுதான் முதல் தடவை. தலைமையை இறுக்கிப் பிடித்ததால்தான் அதுவே முடிந்தது. சமமான ஒன்பது பேர் ஒருவரை ஒருவர் தொடவே மாட்டார்கள்.

பனங்காடு:

ஜோ யோங்காங் பற்றி நீங்கள் சொல்வது சரி, அதை ஏற்கிறேன். ஆனால் நோய்க்குக் கொடுத்த மருந்தைப் பாருங்கள்.

2007-லும் 2012-லும் பொலிட்பீரோவுக்கு யார் வரலாம் என்று மூத்தவர்களிடம் ஒரு முன்வாக்கெடுப்பாவது நடந்தது. 2017-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஓட்டுக்குப் பேரம் நடந்தது என்பது அரசு ஊடகம் சொன்ன காரணம். அதற்குப் பதில் நேர்முக உரையாடல். அதே வருடம் அக்டோபரில் இன்னொரு விதி வந்தது. பொலிட்பீரோ உறுப்பினர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு முறை மத்தியக் குழுவுக்கும் பொதுச்செயலாளருக்கும் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். நிலைக்குழு ஆட்களும் இதில் சேர்த்தி. பக்கத்து நாற்காலிக்காரரிடம் போய் நான் என் வேலையைச் செய்தேன் என்று எழுதிக் கொடுப்பவர் அவருக்குச் சமமானவரா? 2018 மார்ச்சில் அதிபர் பதவியின் இரண்டு தவணை வரம்பும் போயிற்று. நாடாளுமன்றத்தில் ஆதரவு 2,958, எதிர்ப்பு 2.

தேறி வருகிறார்கள் என்றீர்கள். வயது வழக்கப்படி 67 என்றால் இருக்கலாம், 68 என்றால் விலக வேண்டும். 2022-ல் அப்போதைய பிரதமர் லி கெகியாங்குக்கும் நிலைக்குழுவில் இருந்த வாங் யாங்குக்கும் 67. இருவரும் வெளியே. ஷிக்கு 69, அவர் உள்ளே. லி கியாங் செஜியாங்கில் ஷியின் கீழ் வேலை பார்த்தவர். டிங் ஷூஷியாங் ஒரு மாகாணத்தைக்கூட ஆண்டதில்லை.

கீழைக்காற்று:

நான் இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். லி கியாங் பெயர் வந்ததால் எழுதுகிறேன்.

2022-ல் நானும் கணவரும் எங்கள் ஆறு வயது மகளும் ஷாங்காய் பூடோங்கில் இருந்தோம். மார்ச் 28 அன்று கொரோனாவுக்காகக் குடியிருப்பு வாசலை அடைத்தார்கள். நான்கு நாள் என்றார்கள். ஜூன் 1 வரை போயிற்று. விடியற்காலையில் ஒலிபெருக்கி கூப்பிடும், பரிசோதனைக்கு இறங்கி நிற்க வேண்டும். மகள் தூக்கத்திலேயே வாயைத் திறந்து காட்டப் பழகிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா வீசாட் குழுவில் ஆள் சேர்த்து மொத்தமாக முட்டைக்கோஸ் வரவழைப்பார். அதுதான் சாம்பாரில், அதுதான் பொரியலில். மேல்மாடித் தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோய், கட்டடம் முழுக்கக் கேட்டு ஆறு மாத்திரை சேர்த்துக் கொடுத்தோம்.

மே 5 சாயங்காலம் நிலைக்குழு கூடியதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. கதவைத் திறப்பார்கள் என்று நினைத்து ஓடிப்போய்ப் படித்தேன். நம் தொற்றுத் தடுப்புக் கொள்கையைத் திரிக்கும், சந்தேகிக்கும், மறுக்கும் எல்லாச் சொல்லோடும் செயலோடும் உறுதியாகப் போராட வேண்டும் என்று இருந்தது. அந்த அறையில் இருந்த ஏழு பேரில் ஒருவராவது, வீட்டில் மாத்திரை இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னாரா? எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அப்போது ஷாங்காய்க் கட்சிச் செயலாளராக இருந்தவர் லி கியாங். ஐந்து மாதம் கழித்து நாட்டின் இரண்டாவது இடம்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. அந்தக் குழுவில் இன்றுவரை ஒரு பெண்கூட உட்கார்ந்ததில்லை. 2022-ல் அமைந்த 24 பேர் பொலிட்பீரோவிலும் பெண் இல்லை. எங்கள் கட்டடத்துக்குச் சோறு போட்டவர்கள் எல்லோரும் பெண்கள்.

நெய்தல்நிலவன்:

கீழைக்காற்று, நீங்களும் பாப்பாவும் பட்ட பாட்டுக்கு எந்தப் பதிலும் ஈடாகாது. வாதத்துக்காக இல்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். அதே 2022 நவம்பர் 10-ல் புதிய நிலைக்குழு கூடிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் 20 அம்சங்களுக்கு வழி விட்டது. திருத்திக்கொள்ளும் சக்தி அடியோடு போய்விடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கீழைக்காற்று:

அண்ணா, அந்த 20 அம்சம் வந்த பிறகுதான் நவம்பர் 24-ல் உரும்சி அடுக்குமாடியில் தீப்பிடித்துப் பத்துப் பேர் செத்தார்கள். அடைப்புதான் அவர்களைத் தப்பவிடவில்லை என்ற கோபத்தில் ஷாங்காய் உரும்சி சாலையில் பிள்ளைகள் வெற்றுக் காகிதம் பிடித்து நின்றார்கள். அதன் பிறகு டிசம்பர் 7-ல் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்தார்கள். திருத்தியது அறையில் இருந்தவர்களா, தெருவில் நின்றவர்களா?

ஏட்டுச்சுவடி:

இந்த முறையில் வேறு வழியே கிடையாது என்று நினைக்க வேண்டாம் அம்மா. வியட்நாமைப் பாருங்கள். அங்கும் ஒரே கட்சி, அங்கும் பொலிட்பீரோதான் மேலே. 2012 அக்டோபரில் அந்தப் பொலிட்பீரோ, தன்னில் ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று மத்தியக் குழுவிடம் கேட்டது. பெயர் சொல்லவில்லை, ஆனால் அது பிரதமர் நுயென் டன் சுங் என்று ஊருக்கே தெரியும். மத்தியக் குழு மறுத்துவிட்டது. பொதுச்செயலாளர் நுயென் பூ சோங் முடிவுரை சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கீழே உள்ள குழு மேலே உள்ள குழுவை மறித்தது. பெண்களும் அந்தப் பொலிட்பீரோவில் இருந்திருக்கிறார்கள். ஆனால் 2024-க்குப் பிறகு அங்கும் காற்று மாறுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பனங்காடு:

எனக்கு வேண்டியது அதுதான் ஐயா. மறித்தார்கள், அது வெளியே தெரிந்தது, மறித்தவர்கள் மறுநாளும் பதவியில் இருந்தார்கள்.

சீனத்தில் 2020 ஜனவரி 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நிலைக்குழு கூடியது. அரசு ஊடகத்தில் வந்த செய்தியில் நாடாளுமன்றம், அமைச்சரவை, உச்ச நீதிமன்றம் தந்த வேலை அறிக்கைகளைக் கேட்டார்கள் என்று மட்டும் இருந்தது. வூஹான் பற்றி ஒரு வரி இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று மக்களுக்குச் சொன்னது ஜனவரி 20. நகரை அடைத்தது 23. பிப்ரவரி நடுவில்தான் கட்சியின் சொந்த இதழில் ஷியின் உரை வந்தது. ஜனவரி 7 கூட்டத்திலேயே இந்தத் தொற்று பற்றித் தான் அறிவுறுத்தியதாக அதில் சொன்னார். என்ன அறிவுறுத்தினார், யார் என்ன கேட்டார், 13 நாள் ஏன் மக்களுக்குச் சொல்லவில்லை? கூட்டக் குறிப்பு இன்றுவரை வெளிவரவில்லை.

நெய்தல்நிலவன்:

அந்த ஜனவரி 7 குறிப்பு வெளிவர வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். அந்த வாரம் எங்கள் பையன் ஒருவன் சரக்கு பார்க்க ஃபோஷானில் இருந்தான். அவன் ஊர் வந்து சேரும்வரை அவன் அம்மாவுக்கு நான்தான் தினமும் போனில் பதில் சொன்னேன். ஏழு பேர் முறை வேண்டும் என்பதை மட்டும் நான் இன்னும் விடவில்லை. மே 17 கூட்டத்தில் ஜாவோ சொன்னதை முழுசாகப் படிக்க வேண்டும் போலிருக்கிறது, அதைப் படித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.