ஐசிபி-எம்எஸ் மெஷின்ல (தண்ணியில இருக்கற துளி உலோகத்தையும் அளக்கறது) நெபுலைசர், அதாவது சாம்பிளப் பொடித்துளியாத் தெளிக்கற பாகம், அடைச்ச அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

நொய்யல்கரை:
சாயக் கழிவுத் தண்ணி ஓட்டுனப்ப நடந்தது, இன்னும் உறுத்திட்டே இருக்குதுங்க. திருப்பூர் சாயப் பட்டறை ஆர்ஓ ரிஜெக்ட் (ஆர்ஓ சுத்திகரிப்புல மிஞ்சற தண்ணி), டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்பு) எப்படின்னு உங்களுக்கே தெரியும், சாயம் ஏறோணும்னு போட்ட உப்பு பூரா அதுலதான். சாம்பிள் கொண்டாந்தவங்க, டைல்யூட் பண்ணாம ஓட்டுங்க, ஈயம் துளி இருந்தாலும் தெரியோணும்னாங்க. காத்தால ரோடியம் (மெஷின் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்க எல்லா சாம்பிள்லயும் ஒரே அளவு சேர்க்கற உலோகம்) சிக்னல் நேரா போயிட்டிருந்துது, மத்தியானம் எறங்குச்சு, பம்பு டியூப் மாத்தியும் ஏறல. சீனியர் அக்கா லென்ஸ் வச்சு நெபுலைசர் நுனியப் பார்த்துட்டு "கண்ணு, இங்க வந்து பாரு"ன்னாங்க. நடுவால முடியளவு ஓட்டை, அதச் சுத்தி ஆர்கான் வர்ற வளையம், அந்த விளிம்புல வெள்ளையா உப்பு பூத்து நிக்குது. நிமிசத்துக்கு ஒரு லிட்டர் போல ஆர்கான் அங்க சீறுனாத்தானுங்க தண்ணி பொடித்துளியா ஒடையும், அந்த எடமே கட்டிக்கிட்டா, உலோகத்த அயனியாக்கற ஆர்கான் பிளாஸ்மாவுக்கு என்ன போகும்? மத்தியான ரிசல்ட் பூரா தள்ளி வச்சு மறுக்கா ஓட்டுனோம்.

பெருந்துறைக்காரன்:
அண்ணா, நெபுலைசர் மட்டும்னு முடிவு கட்டாதீங்க. எங்க லேப்லயும் ரோடியம் இப்படித்தான் எறங்குச்சு, கழட்டிப் பார்த்தா நுனி சுத்தம், கோன் (பிளாஸ்மாவுல இருந்து அயனி உள்ள நுழையற கூம்பு) ஓட்டையில உப்பு படிஞ்சிருந்துது. ரோடியம் ஒண்ண மட்டும் பார்த்தா பத்தாதுங்க, ஸ்கேண்டியம், ரோடியம், பிஸ்மத் மூணையும் சேர்த்துப் போடுங்க, மூணும் ஒரே மாதிரி எறங்குனா பெரும்பாலும் சாம்பிள் உள்ள போற வழியில கோளாறு, எடை கம்மியான ஸ்கேண்டியம் அதிகமாவும் பிஸ்மத் கொஞ்சமாவும் எறங்குனா உப்போட சோடியம் பண்ற வேலை. அப்புறம் 2 சதம் நைட்ரிக் ஆசிட் பிளாங்க் (சாம்பிள் கலக்காத வெறும் கரைசல்) ஓட்டுங்க, அதுல சிக்னல் திரும்பிருச்சுன்னா அடைப்பு இல்லைங்க. டிடிஎஸ் 0.2 சதத்துக்கு மேல போனா டைல்யூட் பண்ணியே ஆகோணும், யாரு கேட்டாலும். ஆர்கான் ஈரமாக்கற ஹியூமிடிஃபையர் வச்சா நுனியில உப்பு காயறது கொறையும். ஆர்சனிக் பார்க்கறீங்கன்னா இன்னும் கவனம், ஆர்கான் 40உம் குளோரின் 35உம் ஒட்டி எடை 75ல வந்து ஆர்சனிக் மாதிரியே நிக்கும், ஹீலியம் மோடு (ஹீலியம் வாயு விட்டு அந்த மாதிரி ஒட்டுனத வடிகட்டறது) போடாம அந்த நம்பர நம்பாதீங்க.

மஞ்சமூட்டை:
ஈரோட்டுல மஞ்சத்தூள் ஈயம் பார்க்கறமுங்க. மைக்ரோவேவ்ல நைட்ரிக் போட்டுக் கரைச்சாலும் அடியில பொடிமண்ணு கொஞ்சம் தங்கும், அது ஏறி அடைச்சுக்கிச்சு. புதுசா வந்த தம்பி கம்பிய எடுத்து நுனியில விட்டான், டக்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குது. கண்ணாடி நெபுலைசர் வெலை உங்களுக்குச் சொல்லோணுமா? கம்பி விடாதீங்க, சோனிகேட்டர்லயும் போடாதீங்க, உள்ள இருக்கற கேப்பிலரி (முடி மாதிரி மெல்லிசுக் குழாய்) ஆடி ஒடைஞ்சுரும். நுனிப் பக்கமிருந்து ஐசோபுரோப்பனால் தள்ளி, மண்ண வந்த வழியே வெளிய எடுங்க. நாங்க இப்ப சென்ட்ரிபியூஜ் பண்ணி மேல் தண்ணிய மட்டும் வைக்கறோம்.

காந்திபுரம்:
ஏனுங்க, எல்லாரும் நுனியவே பேசறீங்க, ட்ரெயின (மிச்சத் தண்ணி வெளிய போற டியூப்) யாருமே சொல்லல? துளியில 100க்கு 2 பங்கு போலத்தான் பிளாஸ்மாவுக்குப் போகுது, பெருசெல்லாம் நெபுலைசருக்கு அடுத்து இருக்கற ஸ்ப்ரே சேம்பர் செவுத்துல மோதி ட்ரெயினுக்குத்தான் வரும். எங்களுக்கு ட்ரெயின் டியூப் தேஞ்சு இழுக்காம விட்டு, சேம்பர்ல தண்ணி தேங்கி, பார்த்துட்டே இருக்கறப்ப பிளாஸ்மா பொசுக்குன்னு அணைஞ்சுருச்சுங்க.

நொய்யல்கரை:
பெருந்துறை அண்ணா, பழைய டேட்டாவத் தொறந்து பார்த்தேன். அன்னிக்கு மூணுமே சேர்ந்து எறங்கியிருக்குது, பிளாங்க்லயும் ஏறல. எங்களுது நுனிதானுங்க.