ஜப்பானின் மேல்நிலைப் பள்ளிச் சீர்திருத்தம்: மூன்றாண்டு நிதி முடிந்தபின் எது நிற்கும்?

நெய்தல் (கேள்வி):
வணக்கம். மேல்நிலைப் பள்ளிகள் தத்தம் வட்டாரத்தோடு இணைந்து கல்விமுறையை மாற்றியமைப்பதற்காக, ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 2019இல் ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. வட்டாரத்தின் ஈர்ப்பைப் பெருக்குதல், உள்ளூர்ச் சிக்கல்களை உலகப் பார்வையோடு அணுகுதல், தொழிற்பிரிவுகளில் துறை வல்லுநர்களை உருவாக்குதல் என்று அதில் மூன்று வகைகள் இருந்தன. தேர்வான பள்ளிக்கு மூன்றாண்டுகள் உதவி கிடைத்தது. பள்ளி தனித்து இயங்க முடியாது. நகராட்சி, பல்கலைக்கழகம், தொழில் நிறுவனங்கள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பை நிறுவ வேண்டும் என்பது நிபந்தனை. பணத்தை நேரடியாகப் பள்ளியிடம் கொடுத்துவிடாமல் இத்தனை பேரை ஒரே மேசையில் அமர்த்த அரசு ஏன் விரும்பியது? நிதிக்காலம் முடிந்தபின் அந்த மேசையில் எவர் எஞ்சியிருப்பார்? இதுகுறித்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

கூர்நோக்கு:
உங்கள் முதல் கேள்விக்கான விடை, பள்ளிகளின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில் அடங்கியுள்ளது. ஜப்பானில் தொடக்கப் பள்ளிகளையும் நடுநிலைப் பள்ளிகளையும் பெரும்பாலும் நகராட்சிகளும் கிராம ஆட்சிகளும் நடத்துகின்றன. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் மிகப் பல மாகாணக் கல்வி வாரியத்தின் கீழ் உள்ளன. ஆகவே ஓர் ஊரிலுள்ள ஒரே மேல்நிலைப் பள்ளி மூடப்பட்டால் இழப்பு ஊருக்கு, முடிவெடுக்கும் அதிகாரமோ மாகாணத்துக்கு. பதினைந்து வயதுப் பிள்ளை படிப்புக்காக வெளியூர் போனால் குடும்பமும் பின்னாலேயே போய்விடும் என்ற அச்சம் தீவுகளிலும் மலையூர்களிலும் மிக அதிகம்.

ஷிமானே மாகாணத்தின் ஒக்கித் தீவுகளில் உள்ள ஒக்கி தோசென் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அமா, நிஷினோஷிமா என்னும் இரு சிற்றூராட்சிகளுக்கும் சிபு என்னும் கிராமத்துக்கும் பொதுவான ஒரே மேல்நிலைப் பள்ளி அது. 2008இல் அங்கே படித்தவர்கள் தொண்ணூறு பேருக்கும் குறைவு. பள்ளி தங்களுடையதல்ல என்று கைவிரிக்காமல் உள்ளாட்சிகள் மாகாணத்தோடும் பள்ளியோடும் சேர்ந்து திட்டமிட்டன. வெளி மாகாண மாணவர்களைத் தீவுக்கு வரவழைத்தன, பள்ளிக்கு வெளியே பொதுக் கற்றல் மையம் ஒன்றைத் தொடங்கின. மாணவர் எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தது. அரசு நிதித் திட்டம் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்த கதை இது. தீவு தன் போக்கில் கண்டுபிடித்த வழியையே அமைச்சகம் பின்னாளில் நிபந்தனையாக எழுதிவைத்தது என்பது என் கணிப்பு. 2002இல் தொடங்கிய அறிவியல் மேல்நிலைப் பள்ளித் திட்டம் பள்ளியின் பாடத்திட்டத்தையே மையமாகக் கொண்டிருந்தது என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்.

மலைவழி:
ஐயா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் வகுப்பறைக்குள் இருந்து பார்த்தால் காட்சி சற்று வேறாகத் தெரியும். நான் ஜப்பானின் உள்நாட்டுப் பகுதி ஒன்றில் உதவி ஆசிரியராக இரண்டு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். மாகாணப் பள்ளி ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாற்றப்படுவார்கள். ஊர்க்காரர்களோடு நன்கு பழகி, எந்த மீனவரிடம், எந்தத் தச்சரிடம் மாணவர்களை அனுப்பலாம் என்று அறிந்துவைத்திருந்த ஆசிரியர் ஏப்ரலில் வேறு பள்ளிக்குப் போய்விட்டால், அடுத்து வருபவருக்குக் கிடைப்பது ஒரு கோப்பு மட்டுமே. 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் ஆய்வுவழிக் கற்றலுக்கென்று தனி நேரம் உண்டு. வட்டாரக் கூட்டுறவுக்கு அந்நேரமே வாசல். வாசல் திறந்திருந்தும் உள்ளே வந்தவர்கள் யார் என்பதை நினைவில் வைத்திருக்க ஆள் இல்லாத குறையைத்தான் நான் கண்டேன்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் ஊரிலேயே தங்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் எதிர்பார்ப்பார்கள். பிள்ளைகளோ தங்கள் ஊரின் சிக்கலை ஆழமாக ஆய்ந்தபின், அதைத் தீர்க்கும் படிப்பு நகரத்தில்தான் இருக்கிறது என்று கண்டுகொள்வார்கள். எங்கள் கூட்டங்களில் இதை எவரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

இணைப்பாளன்:
மேலே சொல்லப்பட்ட நினைவுக் குறையைப் போக்கவே ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி உருவானது. பள்ளியில் அமர்ந்து, ஊரோடு பேசி, மாணவர்களின் ஆய்வுக்கு ஆட்களைத் தேடித்தருவது அவர் வேலை. ஆனால் அவருக்கு ஊதியம் தருவது யார்? பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கையை மாணவர் அளவை வைத்துச் சட்டம் கணக்கிடுகிறது. அக்கணக்கில் இவருக்கு இடமில்லை. அதனால் பல ஊர்கள், நகரத்தினரை ஊர்ப்புறங்களில் குடியேற்றிப் பணியமர்த்த 2009இல் உள்துறை அமைச்சகம் தொடங்கிய வட்டார மீட்பு உதவியாளர் திட்டத்தின் வழியே ஆள் எடுக்கின்றன. அந்தப் பணிக்காலமும் பெரும்பாலும் மூன்றாண்டுகளுக்கு மேல் நீளாது. மூன்றாண்டு நிதியில் மூன்றாண்டு ஆளை வைத்துவிட்டுப் பதினைந்தாண்டுத் தொலைநோக்கு எழுதுகிறார்கள், ஒருவரும் சிரிப்பதில்லை.

நம்பிக்கை தரும் ஒரு மாற்றமும் உண்டு. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பொதுப்பிரிவுக்குள் வட்டாரச் சமூகம் சார்ந்த புதிய துறைகளை 2022 முதல் தொடங்கலாம். அவற்றைத் தொடங்கும் பள்ளி வெளி அமைப்புகளோடு கூட்டுறவு ஏற்பாட்டை உருவாக்க வேண்டும், இணைப்புப் பணியாளரை அமர்த்தவும் முயல வேண்டும். “முயல வேண்டும்” என்ற சொல்லில் உள்ள தளர்வை நீங்களே பார்க்கிறீர்கள். எனினும், ஆண்டுதோறும் கையேந்த வேண்டிய திட்டம் என்ற நிலையிலிருந்து விதிக்குள் நுழைந்தது சிறிய முன்னேற்றமன்று.

நெய்தல்:
மூவருக்கும் நன்றி. திட்டம் வெற்றி பெற்றதா என்று கேட்டபடியே என் கட்டுரை தொடங்கியிருந்தது. அதை மாற்றி எழுதப் போகிறேன். நிதி நின்றபின் ஒருங்கிணைப்பாளரின் ஊதியத்தைத் தன் வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்துக்கொண்ட ஊராட்சி எது, சேர்க்காதது எது என்று முதலில் தேடுகிறேன். ஷிமானேக்கு வெளியே அப்படி ஓர் ஊரை அறிந்தவர்கள் இருந்தால், அவ்வூர் எந்தத் தலைப்பின் கீழ் அச்செலவைக் காட்டியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.