பூண்டும் நுண்ணோக்கியும்: 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலுக்கு அறிவியல் விளக்கம் தேவையா?

கருக்கல்:

ரிச்சர்ட் மேத்சன் 1954-இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலை இந்த வாரம் படித்து முடித்தேன். முடிவு வரை பேசப்போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படம் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சுருக்கமாக: 1976 ஜனவரி, லாஸ் ஏஞ்சலஸ். ஒரு கொள்ளைநோய் ஊரையே இரத்தம் குடிக்கும் வாம்பயர்களாக்கிவிட்டது. ராபர்ட் நெவில் ஒருவனுக்கு மட்டும் தொற்றவில்லை. பகலில் வீடு வீடாகப் போய், மயங்கிக் கிடக்கும் வாம்பயர்களின் நெஞ்சில் மரமுளை அடிக்கிறான். இரவானால் பலகை அடித்த வீட்டுக்குள் பூண்டுச் சரங்களுக்கு நடுவே உட்கார்ந்து குடிக்கிறான். வெளியே, முன்பு அவனோடு ஒரே ஆலையில் வேலை பார்த்த பென் கார்ட்மன், "நெவில், வெளியே வா!" என்று விடிய விடியக் கத்துகிறான்.

இந்த முதல் பகுதி அபாரம். மனைவி வர்ஜீனியாவின் உடலை அரசின் எரிகுழிக்குக் கொடுக்க மனமில்லாமல் அவனே புதைக்கிறான், அவள் திரும்பி வருகிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்புறம் என்ன ஆகிறது? நெவில் நூலகத்துக்குப் போகிறான், நுண்ணோக்கி எடுத்து வருகிறான், இரத்தத்தில் ஒரு பேசில்லஸை, அதாவது கம்பி வடிவ பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கிறான். பூண்டு ஏன், சிலுவை ஏன், முளை ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வந்து விழுகிறது. காரணம் தெரிந்துவிட்ட பேயிடம் எனக்குப் பயம் வரவில்லை. குண்டு துளைத்த இடத்தை அந்தக் கிருமி சுரக்கும் பசை அடைத்துவிடுகிறதாம்! அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டாலும் நாவல் நிற்கும், இன்னும் நன்றாகவே நிற்கும் என்பது என் கட்சி.

அகார் தட்டு:

நண்பர் கருக்கல், உங்களோடு முழுதாக மோதப் போகிறேன். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். நீங்கள் வெட்டச் சொல்கிற பக்கங்கள்தான் என்னை இந்த நாவலுக்குள் இழுத்தவை.

முதலில் பசை. அது கற்பனைதான். ஆனால் அது எதைத் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். அந்தக் கிருமி காற்றில்லாமல் உடலுக்குள் வாழ்கிறது. காற்று பட்டால் வெறிகொண்டு, தான் குடியிருக்கும் உடலையே தின்றுவிடுகிறது. குண்டு போட்டால் பசை ஓட்டையை அடைத்துவிடும், காற்று போகாது. முளை அடித்தால் காயம் திறந்தே இருக்கும், காற்று போகும். மரமுளைக்கு மந்திரம் எதுவும் வேண்டாம், திறந்த காயம் போதும். நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்த ஒரு சடங்கை ஆக்ஸிஜன் என்ற ஒரே விசையில் மாட்டியிருக்கிறார் மேத்சன். டெட்டனஸ் கிருமியும் வாயு அழுகல் கிருமியும் ஆழமான, காற்றுப் புகாத காயத்தில்தான் பெருகும். வாயு அழுகலுக்கு இன்றும் உயர் அழுத்த ஆக்ஸிஜன் கொடுக்கிறார்கள். நிஜத்தில் காற்று கிருமியை அடக்குகிறது, கதையில் அதே காற்று அதை வெறியூட்டுகிறது. திசையை மாற்றியிருக்கிறார், ஆனால் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

ஸ்போர்களும், அதாவது பாதகமான சூழலைத் தாங்க சில பாக்டீரியாக்கள் எடுக்கும் உறங்குநிலை வித்துகளும், அப்படித்தான். நாவலில் போருக்குப் பிறகு வரும் புழுதிப்புயல்கள் நோயைப் பரப்புகின்றன. ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவில் 1942-இல் பிரிட்டன் ஆந்த்ராக்ஸ் குண்டுகளைச் சோதித்தது. அந்த மண்ணைச் சுத்தம் செய்து, ஆபத்தில்லை என்று அறிவிக்க 1990 ஆனது. மண்ணில் காத்திருக்கும் ஸ்போர் என்பது கற்பனை இல்லை. எனக்கு அது பல்லைவிடப் பயம் தருகிறது.

மேட்டுத்தெரு:

அப்போ செத்த உடம்பு எழுந்து நடப்பதையும் ஆய்வகம் ஒப்புக்கொள்கிறதா?

அகார் தட்டு:

இல்லை, அங்கே கதை உடைகிறது. இதயம் நின்றால் இரத்த ஓட்டம் இல்லை. இரத்த ஓட்டம் இல்லையென்றால் தசைக்குச் சக்தி இல்லை. சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். எந்தக் கிருமியும் அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ள முடியாது. வெயில் பட்டால் வாம்பயர் சாகும் என்பதிலும் ஒரு சிக்கல். வெயில் பாக்டீரியாவைக் கொல்லும் என்பது 1877-லேயே இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளன்ட் என்ற இருவர் காட்டியது. தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் கிடைத்தது. ஆனால் ஸ்போர்கள் புற ஊதாக் கதிரை வெகுவாகத் தாங்கும். தோலுக்கு அடியில் ஆழமாக இருக்கும் கிருமியை வெயில் எட்டவும் எட்டாது.

கருக்கல்:

நீங்களே சொல்லிவிட்டீர்கள். அடித்தளம் உடைகிறது என்றால் அதன் மேல் ஏன் இத்தனை மாடி? டிராகுலாவிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அவன் விதிகள் அவனுக்கு. மேத்சன் கணக்குக் காட்டுகிறேன் என்று முன்வந்ததால்தான் நாம் கணக்குக் கேட்கிறோம். பாதி அறிவியல் முழு மாயத்தைவிட மோசம் என்கிறேன்.

தனிமையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாய் வரும் பகுதி. தெருவில் ஒரு நாயைப் பகலில் பார்க்கிறான். அதை நம்பவைக்க நாள்கணக்கில் பால் வைக்கிறான், இறைச்சி வைக்கிறான், வாசலில் காத்திருக்கிறான். கடைசியில் அது அவன் கைக்கு வரும்போது நோயுற்றிருக்கிறது. அது செத்துப்போனதை மேத்சன் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார். அங்கே எந்த பேசில்லஸ் விளக்கமும் இல்லாமலே என் தொண்டை அடைத்தது. அந்தக் கை இருக்கும்போது பாடப்புத்தகக் கை எதற்கு?

வெள்ளிவீதி:

உள்ளே வருகிறேன். நீங்கள் இருவரும் அறிவியல் சரியா தவறா என்று பேசுகிறீர்கள். அதைச் செய்கிறவன் யார் என்று பேசவில்லை.

நெவில் விஞ்ஞானி அல்ல, ஆலைத் தொழிலாளி. முதலில் எடுத்து வந்த நுண்ணோக்கி உதவாது என்று தெரியவே அவனுக்கு நேரம் பிடிக்கிறது. படிக்கிறான், தோற்கிறான், குடித்துவிட்டுக் கண்ணாடியை உடைக்கிறான், மறுபடி உட்கார்கிறான். பூண்டுச் சாற்றை ஊசியில் ஏற்றிப் பார்க்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. வாசனைதான் வேலை செய்கிறது, அது ஒருவித அலர்ஜி என்று பிறகு தெரிகிறது. சிலுவைக்கு எல்லா வாம்பயர்களும் பயப்படுவதில்லை. பென் கார்ட்மன் யூதக் குடும்பத்தில் வளர்ந்தவன், அவனை யூதர்களின் புனித நூலான தோராதான் பின்வாங்க வைக்கிறது. பயம் கிருமியிடம் இல்லை, அவன் வளர்ந்த வீட்டிலிருந்து வந்தது. இந்த இடத்தை வெட்டச் சொல்கிறீர்களா, கருக்கல்? நோய் வந்த பிறகும் அந்த மனிதனின் நம்பிக்கை உள்ளே மிச்சமிருக்கிறது என்பதற்கு நாவல் தரும் முதல் சாட்சி அது.

நீங்கள் தனிமை என்று சொல்வதும் விளக்கம் என்று சொல்வதும் ஒன்றுதான். பேச ஆளில்லாதவன் கேள்வி கேட்டுத்தான் பிழைக்கிறான். அந்தக் கேள்விகள் இல்லையென்றால் இரண்டாம் பாகத்தில் அவன் தூக்குப் போட்டுக்கொண்டிருப்பான்.

கடைசிவரிசை:

படங்கள் பற்றி ஒரு வார்த்தை. வின்சென்ட் பிரைஸ் நடித்த 1964 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்', சார்ல்டன் ஹெஸ்டனின் 1971 'தி ஒமேகா மேன்', வில் ஸ்மித்தின் 2007 படம், மூன்றிலுமே நாயகனை விஞ்ஞானியாகவோ மருத்துவராகவோ மாற்றிவிட்டார்கள். வெள்ளிவீதி சொன்ன அந்த ஆலைத் தொழிலாளி எதிலும் இல்லை. 1964 படத்துக்குத் திரைக்கதையில் பங்களித்த மேத்சனே திருப்தியில்லாமல் லோகன் ஸ்வான்சன் என்ற புனைபெயரைப் போட்டுக்கொண்டார்.

2007 படத்தில் நோய்க்குக் காரணம் பாக்டீரியா இல்லை. புற்றுநோயைக் குணப்படுத்த மாற்றியமைத்த தட்டம்மை வைரஸ். கருக்கலுக்கு அதுவாவது பிடித்திருக்குமே? இரண்டு வசனத்தில் முடிந்துவிடுகிறது.

கருக்கல்:

ஆமாம், பிடித்தது. அந்தப் படத்தின் முதல் பாதியில் பயம் நிற்கிறது என்றால் அதற்கு அதுவும் ஒரு காரணம். ஆளில்லாத நியூயார்க், புல் முளைத்த தெரு, ஒரு மனிதன், ஒரு நாய். யாரும் பாடம் நடத்தவில்லை.

வெள்ளிவீதிக்கு: தோரா இருக்கும் இடம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நடத்தை, ஒரு காட்சி. நான் எதிர்ப்பது பூண்டிலிருக்கும் அல்லைல் சல்பைடு, தொற்றும் சுழற்சி, வித்து முளைக்கும் நிலைகள் என்று நீளும் பத்திகளை. ஒருவன் கேள்வி கேட்கிறான் என்று காட்ட விடைகள் அத்தனையையும் வாசகன் மேல் கொட்ட வேண்டியதில்லை.

அகார் தட்டு:

வாம்பயரும் பேசில்லஸும் மேத்சன் வலிந்து சேர்த்த ஜோடி என்ற எண்ணம் இந்த விவாதத்தில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் எக்ஸெட்டர் என்ற ஊர். மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் 1892 ஜனவரியில் காசநோயால் இறந்தாள். அவளுக்கு முன்பே தாயும் அக்காவும் போயிருந்தார்கள், அண்ணன் எட்வின் படுக்கையில். செத்தவர்களில் ஒருத்தி அவன் உயிரை உறிஞ்சுகிறாள் என்று ஊர் முடிவு கட்டியது. மார்ச்சில் கல்லறையைத் திறந்தார்கள். கடுங்குளிரில் இருந்த மெர்சியின் உடல் கெடவில்லை, இதயத்தில் இரத்தம் இருந்தது. அந்த இதயத்தை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவனும் இறந்தான்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் அறிவித்தது 1882 மார்ச்சில். அதாவது கிருமி கண்டுபிடித்துப் பத்து வருடம் ஆன பிறகு அந்தக் கல்லறை திறக்கப்பட்டது. ஒரே வீட்டில் ஒருவர் பின் ஒருவராகச் சாவது, வெளிறிப்போவது, வாயில் இரத்தம். வாம்பயர் என்று அந்த மக்கள் சொன்னது ஒரு பேசில்லஸைத்தான். மேத்சன் அந்த இரண்டையும் கதையில் மறுபடி சந்திக்க வைக்கிறார். இதை நினைத்துக்கொண்டு அந்த நுண்ணோக்கி அத்தியாயத்தைப் படியுங்கள். நெவில் கண்ணாடித் துண்டில் அந்தச் சின்னக் கம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு மெர்சியின் குடும்பம்தான் நினைவுக்கு வருகிறது. யாராவது ஒருவர் பத்து வருடம் முன்னதாக அவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்.

நெவிலுக்கு ஏன் நோய் வரவில்லை என்பதையும் பலர் கேலி செய்கிறார்கள். பனாமாவில் படையில் இருந்தபோது ஒரு வாம்பயர் வௌவால் கடித்தது, அதனால் தடுப்பாற்றல் வந்திருக்கும் என்று அவனே ஊகிக்கிறான். பெருவின் அமேசான் பகுதியில், வௌவால் கடி சகஜமான இரண்டு சமூகங்களில் செய்த ஆய்வு 2012-இல் வெளியானது. தடுப்பூசி போடாத சிலரின் இரத்தத்திலும் ரேபிஸுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. 1954-இல் மேத்சன் இதை அறிந்திருக்க வழியில்லை. ஊகம் அவ்வளவு அபத்தம் இல்லை.

மேட்டுத்தெரு:

எக்ஸெட்டர் கதை நாவலைவிடப் பயங்கரமாக இருக்கிறது. அந்த அண்ணனை நினைத்தால் தாங்கவில்லை.

வெள்ளிவீதி:

அகார், நன்றி. இப்போது முடிவைப் பேசலாம், ஏனென்றால் கருக்கலுக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது.

வாம்பயர்களில் இரண்டு வகை உண்டு. செத்து எழுந்தவர்கள், தொற்றோடு உயிர் வாழ்பவர்கள். இது நெவிலுக்கே தெரியும், அவன் கண்டுபிடித்ததே அது. இருவருமே பகலில் மயங்கிக் கிடப்பார்கள். அவன் இருவரையும் கொல்கிறான். அப்புறம் ரூத் வருகிறாள், பட்டப்பகலில். இரத்தச் சோதனை செய்கிறான், கிருமி இருக்கிறது. அவள் அவனை அடித்துப்போட்டுவிட்டு ஓடுகிறாள், ஒரு கடிதம் விட்டுப்போகிறாள். உயிரோடிருக்கும் நோயாளிகள் கிருமியைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரை செய்துகொண்டார்கள், புதிய சமூகம் கட்டுகிறார்கள், அவள் அவனை வேவு பார்க்க வந்தவள். அவளுக்கு ஒரு கணவன் இருந்தான். அவனைக் கொன்றது நெவில்.

இந்த அடி எனக்கு ஏன் விழுந்தது? நான் அந்த விளக்கங்களை நம்பியதால். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவன் சரியாக இருக்கிறான், நானும் அவனோடு சேர்ந்து தலையாட்டினேன். கிருமி, ஸ்போர், அலர்ஜி, எல்லாம் பொருந்தியது. அவன் படுக்கையிலிருந்து வெயிலுக்கு இழுத்துப் போட்ட பெண்ணைச் சோதனையின் பகுதியாகவே படித்தேன். அந்தப் பக்கங்களைக் கருக்கல் சொல்கிறபடி வெட்டிவிட்டால், அவன் வெறும் பயத்தில் கொல்கிறவன். பயத்தில் கொல்கிறவனை நாம் மன்னித்துவிடுவோம். இவன் புரிந்துகொண்டு கொல்கிறான். நுண்ணோக்கியில் கிருமியைப் பார்த்தான், அதைச் சுமந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசிவரிசை:

2007 படத்தின் மாற்று முடிவு இதற்கு மிக அருகில் வருகிறது. திரையரங்கில் ஓடிய முடிவில் வில் ஸ்மித் மருந்தைக் கொடுத்தனுப்பிவிட்டு வெடித்துச் சாகிறார், வீரனாகிறார். மாற்று முடிவில், கதவை உடைக்கும் தலைவன் தன் பெண்ணைக் கேட்டுத்தான் வந்திருக்கிறான் என்று அவருக்குப் புரிகிறது. திருப்பிக் கொடுக்கிறார். சுவரில் ஒட்டியிருக்கும், தன் சோதனையில் செத்தவர்களின் புகைப்படங்களைப் பார்க்கிறார். திரையரங்குக்கு அந்த முடிவு வராமல் போனதில் எனக்கு இன்றும் ஆற்றாமை.

கருக்கல்:

வெள்ளிவீதி, நீங்கள் சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்கிறேன். வெயிலுக்கு இழுத்த பெண், இரத்தச் சோதனை, இந்த இரண்டும் இருந்தே ஆக வேண்டும். அவை செயல்கள். ஆனால் முடிவின் அடி எனக்கு வேறு இடத்தில் விழுந்தது. புதிய சமூகத்தின் ஆட்கள் கறுப்பு உடையில் வந்து, பென் கார்ட்மனைக் கூரையில் துரத்திச் சுடுகிறார்கள். மூன்று வருடம் கொல்லத் தேடிய அந்த மனிதனுக்காக நெவில் துடிக்கிறான். அந்தக் கொலைகாரர்களைவிட இந்த வாம்பயரே தனக்கு நெருக்கம் என்று உணர்கிறான். அங்கே ஒரு கிருமியும் இல்லை, ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. இரவெல்லாம் தன் பெயர் சொல்லிக் கத்திய ஒரே குரல் அது, அவ்வளவுதான். மேத்சனின் உண்மையான பலம் இதுதான் என்று இன்னும் சொல்வேன்.

அகார் தட்டு:

பென் கார்ட்மனிடம் தோராவைக் காட்டிச் சோதித்தவனும் இதே நெவில்தான், கருக்கல். அந்தச் சோதனை இல்லாவிட்டால் கூரையில் சாகிறவனை நமக்குக் கத்துகிற பக்கத்து வீட்டுக்காரனாக மட்டும்தான் தெரிந்திருக்கும். இரண்டாம் பாகத்தை ஒருமுறை திரும்பப் படியுங்கள். அலர்ஜிப் பத்திகளை வேண்டுமானால் தாண்டிக்கொள்ளுங்கள், சிலுவை வரும் பக்கங்களைத் தாண்டாதீர்கள்.

கருக்கல்:

படிக்கிறேன். பசையைப் பற்றி மட்டும் என் முடிவு மாறாது.