மடிப்பு ட்ரெயிலரின் மூட்டுக்குப் போல்ட்டா, பின்னா?

டெக்சாஸ்_தோட்டம்

டாலஸுக்கு வடக்கே ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். வாசலில் ட்ரெயிலர் நிற்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதி. அதனால்தான் நான்கடிக்கு எட்டடி அளவில் கிட்டாக விற்கும் மலிவு விலை மடிப்பு ட்ரெயிலரை வாங்கி, நானே பூட்டி, முக்கால் அங்குல ஒட்டுப்பலகையை மடிப்புக்கு ஏற்ப இரண்டாக அறுத்து மேலே போட்டேன். மடித்து நிமிர்த்திவிட்டால் கராஜ் சுவரோரம் அடங்கிவிடுகிறது.

சிக்கல் விரிப்பதில்தான். முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கும் போல்ட்டுகளை ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்பேனர்களோடு தரையில் படுத்துத்தான் முடுக்க வேண்டியிருக்கிறது. நட்டுகள் உள்ளே நைலான் வளையம் கொண்டவை. பலமுறை கழற்றி மாட்டினால் அந்த வளையம் பிடிப்பை இழந்துவிடும் என்பது தெரிந்ததே. ஆகவே இந்தப் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, கிளிப் போட்டுப் பூட்டும் அரை அங்குல ஹிட்ச் பின்களை, அதாவது மரை இல்லாத இரும்பு முளைகளை, செருகலாம் என்றிருக்கிறேன். பின் போல்ட்டைவிடத் தடிமனாகவே இருக்கும். இதில் தவறு காண்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஓஹையோ_பட்டறை

தவறு இருக்கிறது, நண்பரே. தடிமனை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்தான் அந்தத் தவறு.

நன்றாக முடுக்கிய போல்ட் இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று நெருக்கி அழுத்துகிறது. சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது அந்த அழுத்தத்தால் தகடுகளுக்கிடையே பிறக்கும் உராய்வு. பின் எதையும் அழுத்துவதில்லை. கையால் செருகி எடுக்க வேண்டுமென்றால் துளையில் சிறிது இடைவெளி இருந்தே ஆக வேண்டும், அந்த இடைவெளியில் சாலையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தகடு பின்னை அடித்துக்கொண்டே இருக்கும். மடிப்பு மூட்டு ஆக்சிலுக்கு அருகில் இருப்பதால் சட்டத்தை வளைக்கும் விசையும் அங்கேதான் அதிகம்.

இதை நான் செய்து பார்த்துவிட்டேன். இரண்டு கோடைகாலம் பின்னோடு ஓட்டியபின் ஒருநாள் கழற்றிப் பார்த்தால், துளையைச் சுற்றி வண்ணம் உரிந்து இரும்பு பளபளத்தது, கீழ்விளிம்பில் செம்பழுப்பு நிறத்தில் துருப்பொடி மாவுபோல ஒட்டியிருந்தது. காலிப்பரை வைத்து அளந்தேன். வட்டமாக இருந்த துளை ஒரு பக்கமாகப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தது. தகடு மெல்லியது, பின் தேயாது, தகடுதான் தேயும்.

நைலான் நட் பிடிப்பை இழக்கும் என்று நீங்கள் சொல்வது சரி. அதற்கு மருந்து புது நட். அதன் விலை சில்லறைக் காசு. நேரத்தையும் பணத்தையும் காஸ்டர்களிலும் (நிமிர்த்திய ட்ரெயிலரைத் தள்ள உதவும் சிறு சக்கரங்கள்) சக்கர பேரிங்குகளிலும் போடுங்கள். கிட்டோடு வரும் கிரீஸை நான் நம்புவதில்லை. ஓட்டுவதற்கு முன்பே பேரிங்குகளைக் கழற்றித் துடைத்து, உருளைகளுக்கு இடையே புகும்படி நல்ல கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி நிரப்புவது என் வழக்கம்.

டெக்சாஸ்_தோட்டம்

உராய்வு பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. கடினமான வேலையை மனிதர் குறைத்துத்தான் செய்வர். சென்ற மாதம் மழை வரும் அவசரத்தில் ஒரு பக்கப் போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகிவிட்டு, ஸ்பேனர் போட மறந்து கிளம்பிவிட்டேன். ஆறு மைல் சென்று கடையில் நிறுத்தியபோதுதான் நட் பாதி கழன்றிருப்பது கண்ணில் பட்டது. பின்னாக இருந்திருந்தால் கிளிப் போட்டதும் வேலை முடிந்திருக்கும். காகிதத்தில் வலுவான மூட்டைவிட, ஒவ்வொரு முறையும் தவறாமல் பூட்டப்படும் மூட்டே பாதுகாப்பு என்று நான் கருதுகிறேன்.

காஸ்டர் விஷயத்தில் உங்களோடு முழு உடன்பாடு. நிமிர்த்திய ட்ரெயிலரைத் தள்ளும்போது கான்கிரீட் தரையின் வெட்டுக்கோட்டில் சிறு சக்கரம் ஒன்று சிக்கி, முழு எடையும் கார்ப்பக்கம் சாய்ந்தது. மனைவி எதிர்ப்பக்கம் பிடித்திருந்ததால் தப்பித்தோம். 5 அங்குல ரப்பர் காஸ்டர்கள் நான்கு, அவற்றில் இரண்டு பிரேக் உள்ளவை, வாங்கி வைத்திருக்கிறேன்.

நியூஜெர்சி_மின்வேலை

இருவருமே மூட்டை இறுக்கும் முறையைப் பற்றிப் பேசுகிறீர்கள். கையை வாட்டுவதோ இரண்டாவது ஸ்பேனர். போல்ட்டின் தலை தானாகவே சுழலாமல் நின்றுவிட்டால், நின்றபடியே ஒரு ராட்செட்டால் நட்டை முடுக்கிவிடலாமே? நான் செய்தது இது: தலைகள் வரும் பக்கத்தில் ஒரு சிறு ஆங்கிள் (L வடிவ) இரும்புத் துண்டை, தலையின் தட்டையான பக்கம் அதன் விளிம்பில் சரியாக உட்காரும்படி சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தினேன். தலை சுழலாது. போல்ட் போல்ட்டாகவே இருக்கிறது, அழுத்தமும் குறைவதில்லை.

மடிப்பு ட்ரெயிலரில் பலரும் கவனிக்காமல் விடுவது கம்பிகளை. ட்ரெயிலர் விளக்குகளைக் காரோடு சேர்க்கும் நான்கு முனை இணைப்பில் வெள்ளை பூமிக்கம்பி, பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது சிக்னலும் பிரேக்கும், பச்சை வலது சிக்னலும் பிரேக்கும். பல கிட்களில் பூமி இணைப்பைச் சட்டத்தின் வழியாகவே எடுக்கிறார்கள். சட்டமோ நடுவில் மடிகிறது. மூட்டிலோ வண்ணமும் துருவும். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குவதற்கும், ஒரு பக்கச் சிக்னல் தாறுமாறாக மினுக்குவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வெள்ளைக் கம்பியை முன்னால்வரை இழுத்துவிடுங்கள். மடிப்பைக் கடக்கும் இடத்தில் ஒரு கை அகலத்துக்குத் தளர்வான வளையம் விட்டு ரப்பர் குழாய்க்குள் செலுத்துங்கள், இல்லையேல் மடிக்கும்போது தகடுகளுக்கிடையே நசுங்கும்.

ஓஹையோ_பட்டறை

ஆங்கிள் துண்டு நல்ல யோசனை. என் எதிர்ப்பு அதற்கு இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு யாரேனும் நட்டையே சட்டத்தில் வெல்டிங் செய்யக் கிளம்பினால் இரண்டு எச்சரிக்கைகள். நைலான் வளையமுள்ள நட் சூட்டில் உருகிவிடும். துத்தநாகம் பூசிய எதையும் பூச்சைத் தேய்த்து அகற்றாமல் வெல்டிங் செய்தால் வரும் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம்.

டெக்சாஸ் நண்பருக்கு: நட் கழன்றதற்குக் காரணம் போல்ட் அல்ல, அவசரம். அவசரத்தில் கிளிப்பும் மறக்கும். அதோடு, நீங்கள் ஏற்றும் எடை என்ன? 12 அங்குலச் சக்கரம் கொண்ட சில கிட்களின் வரம்பு 1720 பவுண்டு, உங்களுடையதன் வரம்பைத் தகட்டில் அடித்திருப்பார்கள். ஒரு கனகெஜம் மண் 2000 பவுண்டைத் தாண்டிவிடும். மூட்டை மூட்டையாக மல்ச் (செடிகளின் அடியில் பரப்பும் மரத்துண்டுகள்) ஏற்றுபவருக்குப் பின் போதும் என்று ஒருவேளை வாதிடலாம். மண் ஏற்றுபவருக்குக் கூடாது.

டெக்சாஸ்_தோட்டம்

நான் ஏற்றுவது பெரும்பாலும் மல்ச்சும் வெட்டிய கிளைகளும். மண்ணும் உண்டு, அரை கெஜத்துக்கு மேல் ஏற்றியதில்லை. மறப்பதைப் பற்றிய உங்கள் பதில் எனக்கு இன்னும் நிறைவளிக்கவில்லை. கிளிப் போடாததை ஒருமுறை சுற்றி நடந்தாலே கண்டுவிடலாம், சற்றே தளர்ந்த நட்டைப் பார்வையால் கண்டுபிடிப்பது கடினம். இருந்தாலும் நீண்டுபோன துளையை நீங்கள் அளந்து சொன்னபின் பின் செருக எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சனிக்கிழமை ஆங்கிள் துண்டுகளைப் பொருத்தினேன். இரண்டு பக்கமும் முடுக்க ஆறு நிமிடம், முதுகு தரையில் படவில்லை. முடுக்கியதும் நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்ந்தாற்போல் வெள்ளை வண்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். நட் அசைந்தால் கோடு முறிந்து தெரியும்.

காஸ்டர்களை இன்னும் மாட்டவில்லை. பெரிய சக்கரம் உயரத்தைக் கூட்டுகிறது. கராஜ் கதவு 7 அடிதான். இழுவைச் சட்டத்தின் நுனி கதவின் மேல்விளிம்பில் இடிக்குமா என்று நிமிர்த்தி வைத்து அளந்தபிறகே துளை போடுவேன்.