தானே போய்ச் சேர்ந்தவரை வெளியே அனுப்ப வீட்டார் கையெழுத்து வேண்டுமா?

வைகைக்கரை (கேள்வி):
என் தம்பிக்கு வயது 31. தூக்கமின்மையும் பதற்றமும் தாங்காமல், யாரும் வற்புறுத்தாமலேயே, பேருந்தேறிப் போய் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் தன் கையெழுத்திலேயே சேர்ந்தான். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றபோது, "சேர்த்தவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் டிஸ்சார்ஜ்" என்றார்கள். சேர்த்தவனே அவன்தான் என்பது அவர்கள் காதில் ஏறவில்லை. வெளியூரில் இருந்த அப்பா வந்து சேர மேலும் நான்கு நாட்கள் ஆயின. அதற்குள் பேன் தொல்லை என்று சொல்லித் தலையை மழித்துவிட்டார்கள். இப்போது மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறான். ஆனால் இனி எந்த மருத்துவமனைப் படியும் ஏற மாட்டேன் என்கிறான். பக்கத்து வீட்டார் கேட்டால் திருப்பதிக்குப் போய் வந்ததாகச் சொல்லச் சொல்கிறான். நடந்தது சட்டப்படி சரிதானா?

கருப்பு அங்கி:
சரியில்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி, தன் முடிவைத் தானே எடுக்கும் திறனோடு தானாக வந்து சேர்ந்தவர் 'சுயேச்சை நோயாளி'. அவருக்குச் சிகிச்சை தொடங்க அவருடைய சம்மதமே வேண்டும். அவர் வெளியே போகிறேன் என்றால், 88-ஆம் பிரிவின்படி உடனே அனுப்பியாக வேண்டும். அப்பா, அண்ணன், மனைவி எவருடைய கையெழுத்தையும் அந்தப் பிரிவு கேட்கவில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் நிலை, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை போன்றவை இருப்பதாக மருத்துவர் கருதினால் மட்டும், மதிப்பிடுவதற்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். அதற்குள் மதிப்பீடு முடிந்து சட்டத்தின் வேறு பிரிவின்கீழ் சேர்க்க வேண்டும், அல்லது அனுப்பிவிட வேண்டும். நான்கு நாட்களுக்கு அங்கே இடமே இல்லை.

மழித்ததைப் பற்றி ஒரு வார்த்தை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் மாண்டதால், சங்கிலி கூடாது என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியும். ஆனால் கட்டாய மொட்டை கூடாது என்றும், விரும்பினால் சொந்த உடையையே அணியலாம் என்றும் 20-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்வதை மனநல மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களே அறிந்திருப்பதில்லை. புகாரை முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும், தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் எழுத்தில் கொடுங்கள். வாரியத்துக்கு முன் வாதாட இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இரவுப் பணி:
மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மேலே சொன்ன சட்டம் சரி. ஆனால் எங்கள் பக்கத்துப் பயத்தையும் பதிவு செய்கிறேன். தனியாக அனுப்பியவருக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால், சேரும்போது எட்டிப் பார்க்காத உறவினர் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். வீட்டார் கையெழுத்து என்பது அந்தப் பயத்துக்குப் போட்ட தாழ்ப்பாள். பில் பாக்கியும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எல்லா நோயாளியும் கேட்டவுடன் போகலாம் என்று இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். 89-ஆம் பிரிவில், நிலைமை கடுமையாக இருந்தால், நோயாளி சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பார்த்து ஒப்புக்கொண்டால், 30 நாட்கள் வரை சேர்த்து வைக்கலாம். அப்போதும் வாரியத்துக்கு 7 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்; பெண்களும் சிறார்களும் என்றால் 3 நாட்களுக்குள். சேர்க்கப்பட்டவரே அந்த முடிவை எதிர்த்து வாரியத்திடம் முறையிடலாம் என்பதை நாங்கள் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறோம். எத்தனை பேர் சொல்கிறோம் என்பது வேறு விஷயம்.

மூன்று முறை உள்ளே போனவன்:
நானும் அந்த வார்டுகளில் படுத்தவன் என்பதால் தம்பிக்கே எழுதுகிறேன். மறுபடி போக மாட்டேன் என்று சொல்வதை விட, போனால் யார் என் பக்கம் பேசுவார் என்று இப்போதே எழுதி வைப்பது பலன் தரும். 14-ஆம் பிரிவின்படி 'நியமனப் பிரதிநிதி'யை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும், கைநாட்டும் செல்லும். ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை, 18 வயது நிறைந்து, பொறுப்பேற்கச் சம்மதித்து, அதற்குத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். மனம் மாறினால் வேறொருவரை நியமிக்கலாம். நான் என் அண்ணனை விட்டுவிட்டு, கூடப் பணிபுரிந்த நண்பரை எழுதினேன். அண்ணன் ஆறு மாதம் பேசவில்லை. அடுத்த முறை சேர்ந்தபோது, எந்த மாத்திரையில் எனக்குக் கை நடுங்கும் என்பதை மருத்துவரிடம் சொன்னவர் அந்த நண்பர்தான்.

கைபேசியை வாங்கினார்களா? அழைப்புகளுக்கு மருத்துவமனை நேரம் வகுக்கலாம், அறவே மறுக்க முடியாது.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. கைபேசியை முதல் நாளே வாங்கி, அப்பா வந்த அன்றுதான் கொடுத்தார்கள். புகாரை இன்று எழுதத் தொடங்கினேன்; தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, தேதிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறான். பிரதிநிதியாக என் பெயரை எழுதட்டுமா என்று கேட்டான். யோசித்து எழுது என்றேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.